யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் சுருக்கிய காப்பகக் கோப்புகள்

சுருக்கிய காப்பகக் கோப்பு என்பது பல கோப்புகளையும் அடைவுகளையும் ஒன்றாகக் கட்டி, அவை பிடிக்கும் இடத்தைக் குறைத்து வைத்திருக்கும் ஒற்றைக் கோப்பு ஆகும். யூனிக்ஸ், லினக்ஸ், பிஎஸ்டி, மேக்ஓஎஸ் போன்ற இயங்குதளங்களில் இவ்வகைக் கோப்புகளின் பெயர் பெரும்பாலும் '.டார்.ஜிஇசட்', '.டார்.பிஇசட்2', '.டார்.எக்ஸ்இசட்', '.டார்.இசட்எஸ்டி' என்பவற்றில் ஒன்றில் முடியும். மென்பொருள்களின் மூலநிரல்களை வெளியிடுவதற்கும், தரவுகளுக்குக் காப்புநகல் எடுப்பதற்கும், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அடைவுகளை அப்படியே மாற்றுவதற்கும் இவை பயன்படுகின்றன.

இந்தப் பெயர்களில் இரண்டு பின்னொட்டுகள் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் உண்டு. முதல் பின்னொட்டு கோப்புகளை எப்படிக் கட்டினார்கள் என்பதையும், இரண்டாவது எப்படிச் சுருக்கினார்கள் என்பதையும் சொல்கிறது. கட்டுவது ஒரு வேலை, சுருக்குவது வேறொரு வேலை என்று இரண்டையும் பிரித்து வைத்ததே யூனிக்ஸ் மரபின் சிறப்பு. இதனால் சுருக்கும் முறைகள் நான்கைந்து முறை மாறிய பின்னும் கட்டும் முறை 1979 முதல் மாறாமல் நிலைத்திருக்கிறது.

இரண்டு வேலைகள், இரண்டு கருவிகள்

ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு வேலையைச் செய்ய வேண்டும், அதை நன்றாகச் செய்ய வேண்டும், ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகச் செல்ல இயல வேண்டும் என்பது யூனிக்சை உருவாக்கியவர்களின் கொள்கை. இதன்படி 'டார்' என்னும் நிரல் கோப்புகளை வரிசையாக அடுக்கிக் கட்டும். அதற்குச் சுருக்கத் தெரியாது. 'ஜீஜிப்' போன்ற நிரல் தன்னிடம் வரும் பைட்டுகளைச் சுருக்கும். அவை ஒரு கோப்பா, நூறு கோப்புகளா என்பது அதற்குத் தெரியாது. வீடு மாறும்போது சாமான்களை முதலில் பெட்டியில் அடுக்குவதும், பிறகு பெட்டியை வண்டியில் ஏற்றுவதும் தனித்தனி வேலைகளாக இருப்பதைப் போன்றது இது. வண்டி மாறினாலும் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

டார் வடிவம்

'டார்' என்பது நாடாக் காப்பகம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1979 ஜனவரியில் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது முதன்முதலில் இடம்பெற்றது. அக்காலத்தில் காப்புநகல்கள் காந்த நாடாவில் எழுதப்பட்டன. நாடாவில் நினைத்த இடத்திற்குத் தாவிச் செல்ல முடியாது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒழுங்காகப் படித்துக்கொண்டு போகத்தான் முடியும். டாரின் அமைப்பு முழுவதும் இந்த நாடாவின் இயல்பிலிருந்து வந்ததே.

டார் கோப்பு 512 பைட்டு அளவுள்ள தொகுதிகளால் ஆனது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு தலைப்புத் தொகுதி இருக்கும். கோப்பின் பெயருக்கு 100 பைட்டு, அனுமதிகளுக்கு 8 பைட்டு, உரிமையாளர் எண்ணுக்கு 8 பைட்டு, குழு எண்ணுக்கு 8 பைட்டு, அளவுக்கு 12 பைட்டு, கடைசியாகத் திருத்திய நேரத்திற்கு 12 பைட்டு என்று அதில் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எண்கள் யாவும் எட்டடிமான முறையில், சாதாரண எழுத்துகளாகவே எழுதப்படும். எனவே எந்த வகைக் கணினியில் எழுதிய டார் கோப்பையும் வேறு எந்த வகைக் கணினியும் படிக்க முடியும். தலைப்புக்குப் பின் கோப்பின் உள்ளடக்கம் வரும். கடைசித் தொகுதி நிறையாவிட்டால் மீதி இடம் சுழிகளால் நிரப்பப்படும். எல்லாக் கோப்புகளும் முடிந்தபின் முழுவதும் சுழிகளால் ஆன இரண்டு தொகுதிகள் முடிவைக் காட்டும்.

குனு டார் நிரல் வழக்கமாக 20 தொகுதிகளை ஒரு கட்டாக எழுதுகிறது. ஆகவே ஒரே ஒரு பைட்டு உள்ள கோப்பைக் கட்டினாலும் 10,240 பைட்டு அளவுள்ள காப்பகம் கிடைக்கும். டார் தனியாக நின்றால் இடத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அந்த வெற்றுச் சுழிகளைச் சுருக்கும் நிரல் எளிதாக விழுங்கிவிடுவதால் நடைமுறையில் இது இழப்பாகத் தெரிவதில்லை.

நிலையான இட ஒதுக்கீடு சில வரம்புகளையும் கொண்டுவந்தது. அளவுக்கான இடத்தில் 11 எட்டடிமான இலக்கங்களே எழுதப்பட்டதால் ஒரு கோப்பு 8 கிபிபைட்டை எட்ட முடியாது. பெயருக்கு 100 பைட்டு என்பது ஆங்கில எழுத்துகளுக்கு ஓரளவு போதும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு பிடிக்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'தமிழ்ப்பாடம்' என்ற சொல்லுக்கு மட்டும் 36 பைட்டு தேவை. பழைய டாரில் அடைவின் பெயரையும் சேர்த்து 33 தமிழ்க் குறிகளுக்கு மேல் இடமில்லை.

இக்குறைகளைப் போக்க வடிவம் இரண்டு முறை விரிவாக்கப்பட்டது. 1988இல் போசிக்ஸ் தரநிலை 'யூஸ்டார்' என்ற வடிவத்தை வகுத்து, பெயரின் முற்பகுதிக்கு மேலும் 155 பைட்டு ஒதுக்கியது. 2001இல் வந்த 'பாக்ஸ்' வடிவம், தேவைப்படும் இடத்தில் கூடுதல் தலைப்பு ஒன்றைச் சேர்த்து எவ்வளவு நீளமான பெயரையும், எவ்வளவு பெரிய அளவையும் குறிக்க வழிசெய்தது. பெயர்கள் யூடிஎஃப்-8இல் எழுதப்படும் என்றும் அது வரையறுத்ததால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் பிழையின்றிப் பயணிக்கின்றன.

டார் மட்டுமே யூனிக்சின் காப்பக வடிவம் அன்று. அதனினும் பழைய 'ஏஆர்' வடிவம் நிரலாக்க நூலகங்களிலும், டெபியன் லினக்சின் '.டெப்' பொதிகளின் வெளியுறையாகவும் இன்றும் உள்ளது. 'சிபிஐஓ' வடிவம் ஆர்பிஎம் பொதிகளிலும், லினக்ஸ் தொடங்கும்போது நினைவகத்தில் ஏற்றப்படும் தொடக்கக் கோப்பமைப்பிலும் பயன்படுகிறது.

சுருக்கத்தின் அடிப்படை

இங்குப் பேசப்படும் சுருக்கம் அனைத்தும் இழப்பில்லாச் சுருக்கம். விரித்தபின் ஒரு பிட்டுகூட மாறாமல் மூலம் கிடைக்க வேண்டும். ஒளிப்படங்களுக்கும் இசைக்கும் பயன்படும் இழப்புள்ள சுருக்கம் நிரல்களுக்கும் கணக்குகளுக்கும் பொருந்தாது.

இழப்பில்லாச் சுருக்கத்திற்கு இரண்டு அடிப்படைக் கருத்துகள் உள்ளன. முதலாவது, முன்பே வந்ததைத் திரும்ப எழுதாமல் அதைச் சுட்டிக்காட்டுவது. இதனை 1977இல் ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் சிவ் ஆகிய இருவரும் வெளியிட்டனர். எனவே எல்இசட்77 எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பின்வரும் தொடரைப் பார்க்கலாம்:

பள்ளிக்குப் போனாள், பள்ளியில் படித்தாள்.

இரண்டாவது 'பள்ளி' வரும்போது அதை மீண்டும் எழுதத் தேவையில்லை. '54 பைட்டு பின்னால் சென்று 17 பைட்டு எடுத்துக்கொள்' என்ற குறிப்பு போதும். 'பள்ளி' என்பது ஐந்து குறிகள், அதாவது 15 பைட்டு. ஆனால் பொருத்தம் 17 பைட்டுவரை நீள்கிறது. இதற்குத் தமிழ்க் குறியாக்கத்தின் இயல்பே காரணம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224 என்ற எண். இரண்டாவது பைட்டு 174 அல்லது 175. மூன்றாவது பைட்டுதான் எழுத்தை வேறுபடுத்துகிறது. 'க'வுக்கும் 'ய'வுக்கும் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றாகவே இருப்பதால் அவையும் பொருத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. தமிழ் உரைக்கோப்புகள் ஆங்கில உரையைவிட அதிக இடம் பிடித்தாலும், சுருக்கும்போது அந்தக் கூடுதலில் பெரும்பகுதி மறைந்துவிடுவது இதனால்தான்.

இரண்டாவது கருத்து, அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீடும் அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் தருவது. 1952இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறை இவ்வகையில் புகழ்பெற்றது. பின்னர் வந்த நிரல்கள் பலவும் இவ்விரு கருத்துகளையும் வெவ்வேறு அளவில் கலந்து செய்தவையே.

சுருக்க வடிவங்களின் வரலாறு

கம்ப்ரஸ்: டெர்ரி வெல்ச் 1984இல் வெளியிட்ட எல்இசட்டபிள்யூ முறையைக் கொண்டு ஸ்பென்சர் தாமஸ் அதே ஆண்டில் எழுதிய நிரல். கோப்பின் பெயருக்குப் பின் பெரிய 'இசட்' எழுத்தைச் சேர்க்கும். இது யூனிக்ஸ் உலகெங்கும் விரைவாகப் பரவியது. ஆனால் இம்முறைக்கு வெல்ச் பணியாற்றிய ஸ்பெர்ரி நிறுவனம் 1983இலேயே காப்புரிமை கோரியிருந்தது. 1985இல் அது வழங்கப்பட்டது. 1986இல் ஸ்பெர்ரியும் பரோஸ் நிறுவனமும் இணைந்து யூனிசிஸ் ஆனபோது உரிமை யூனிசிசுக்கு வந்தது. எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தி வந்த முறை ஒரு நிறுவனத்தின் உடைமை என்று தெரியவந்ததும், கட்டற்ற மென்பொருளை உருவாக்கிய குனு திட்டத்தினர் மாற்று தேட வேண்டியதாயிற்று.

ஜீஜிப்: அந்த மாற்றாக வந்ததே ஜீஜிப். இதை ழான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் இருவரும் எழுதினர். முதல் வெளியீடு 1992 அக்டோபர் 31. எல்இசட்77, ஹஃப்மன் ஆகிய இரு முறைகளையும் இணைத்து ஃபில் காட்ஸ் தம் ஜிப் நிரலுக்காக வகுத்திருந்த 'டிஃப்ளேட்' முறையை இது மேற்கொண்டது. பின்னோக்கிப் பார்க்கும் சாளரம் 32 கிபிபைட்டு. ஒரு பொருத்தம் 3 முதல் 258 பைட்டுவரை இருக்கலாம். வடிவத்தின் முழு விவரமும் 1996 மே மாதத்தில் இணையத் தரநிலை ஆவணங்கள் 1951, 1952 ஆக வெளியிடப்பட்டது. ஜீஜிப் கோப்பு 31, 139 என்ற இரு பைட்டுகளுடன் தொடங்கும். முடிவில் சரிபார்ப்பு எண் ஒன்றும், மூலத்தின் அளவும் இருக்கும். எல்இசட்டபிள்யூ காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஜூனில் காலாவதியானது. ஆனால் அதற்குள் கம்ப்ரஸ் வழக்கொழிந்துவிட்டது, ஜீஜிப் நிலைபெற்றுவிட்டது.

பீஜிப்2: ஜூலியன் சீவர்ட் 1996இல் வெளியிட்டது. மைக்கேல் பரோஸ், டேவிட் வீலர் இருவரும் 1994இல் விவரித்த உருமாற்ற முறையை அடிப்படையாகக் கொண்டது. இம்முறை தரவின் எழுத்துகளைத் திரும்பப் பெறக்கூடிய வகையில் இடம் மாற்றி, ஒரே மாதிரி எழுத்துகள் அருகருகே வரும்படி செய்கிறது. அதன்பின் சுருக்குவது எளிதாகிறது. 100 முதல் 900 கிலோபைட்டு அளவுள்ள தொகுதிகளாகப் பிரித்து வேலை செய்யும். உரைக்கோப்புகளை ஜீஜிப்பைவிட நன்றாகச் சுருக்கும். ஆனால் சுருக்கவும் விரிக்கவும் அதிக நேரம் எடுக்கும்.

எக்ஸ்இசட்: 7-ஜிப் நிரலை எழுதிய இகோர் பாவ்லோவின் எல்இசட்எம்ஏ முறையை யூனிக்ஸ் மரபுக்கு ஏற்றபடி அமைத்தது. இதனை லாசே காலின் பராமரித்துவந்தார். பின்னோக்கிப் பார்க்கும் பரப்பு இயல்பு நிலையில் 8 மெபிபைட்டு, உச்ச நிலையில் 64 மெபிபைட்டு. எனவே கட்டுக்குள் வெகுதொலைவில் உள்ள ஒத்த பகுதிகளையும் கண்டுபிடிக்கும். அதற்கேற்ப நினைவகமும் நிறைய வேண்டும். உச்ச நிலையில் சுருக்குவதற்கு ஏறத்தாழ 674 மெபிபைட்டு தேவை. லினக்ஸ் கெர்னலின் அதிகாரப்பூர்வ இணையதளம் 2013 இறுதியில் பீஜிப்2ஐக் கைவிட்டு எக்ஸ்இசட்டை ஏற்றது.

இசட்-ஸ்டாண்டர்டு: ஃபேஸ்புக் நிறுவனத்தில் யான் காலே உருவாக்கியது, 1.0 பதிப்பு 2016 ஆகஸ்டில் வெளியானது. ஜீஜிப்பைவிட நன்றாகச் சுருக்குவதோடு மிக விரைவாக விரிப்பது இதன் சிறப்பு. ஆர்ச் லினக்ஸ் திட்டம் எக்ஸ்இசட்டிலிருந்து இதற்கு மாறியதை 2020 ஜனவரியில் அறிவித்தது. பொதிகளின் மொத்த அளவு சுமார் 0.8 விழுக்காடே கூடியது. விரிக்கும் வேகமோ பல மடங்கு உயர்ந்தது. ஒருமுறை சுருக்கிப் பல்லாயிரம் முறை விரிக்கப்படும் கோப்புகளுக்கு இந்தப் பேரம் இலாபமானது.

ஜிப் வடிவத்துடன் ஒப்பீடு

விண்டோஸ் பயனர்களுக்குப் பழக்கமான ஜிப் வடிவம் கட்டுவதையும் சுருக்குவதையும் ஒன்றாகச் செய்கிறது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கிய பிறகே அடுக்குகிறது. கடைசியில் எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் எழுதுகிறது. ஆயிரம் கோப்புகளில் ஒன்று மட்டும் வேண்டுமென்றால், பட்டியலைப் பார்த்து நேராக அதனிடம் செல்லலாம். டார்.ஜிஇசட் கோப்பில் பட்டியல் இல்லை. கடைசியில் உள்ள கோப்பை எடுக்க முதலிலிருந்து எல்லாவற்றையும் விரித்துக்கொண்டே போக வேண்டும்.

மறுபுறம், டார் கட்டை ஒரே ஓட்டமாகச் சுருக்குவதால் ஒரு கோப்பில் உள்ளது அடுத்த கோப்பிலும் வந்தால் அதையும் சுருக்க முடிகிறது. ஒரே உரிம அறிவிப்பு ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இடம்பெறும் மூலநிரல் தொகுப்புகளில் இதன் பயன் பெரிது. மேலும் யூனிக்சின் அனுமதிகள், உரிமையாளர், இணைப்புகள் முதலியவற்றைக் காப்பது டாரின் பிறவிக் குணம். ஜிப்பில் அவை பின்னர் சேர்ந்த ஒட்டுகள்.

பழுதும் மீட்பும்

காப்புநகல் எடுப்பவர்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இது. டாரின் தலைப்பில் உள்ள கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு தலைப்பை மட்டுமே காக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் கெட்டிருந்தால் டாருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது சுருக்க வடிவத்தின் சரிபார்ப்பு எண்.

சுருக்காத டார் கோப்பின் நடுவில் ஒரு பைட்டு கெட்டால் பெரும்பாலும் ஒரு கோப்பு மட்டுமே பாதிக்கப்படும். அடுத்த தலைப்பிலிருந்து மீண்டும் தொடரலாம். ஜீஜிப் கோப்பில் ஒவ்வொரு பகுதியும் முன் வந்ததைச் சுட்டுவதால், நடுவில் ஏற்படும் பழுது அதற்குப் பின் உள்ள அனைத்தையும் எட்டாமல் செய்துவிடலாம். பீஜிப்2இன் தொகுதிகள் தன்னிறைவானவை. கெட்ட தொகுதியை விட்டு மற்றவற்றை மீட்க அதனுடனேயே தனிக் கருவி வருகிறது. ஆகவே முக்கியமான காப்புநகல்களுக்கு, எடுத்தவுடன் சோதித்துப் பார்ப்பதும், இரண்டாம் நகல் ஒன்றை வேறிடத்தில் வைப்பதும் இன்றியமையாதவை. ஜீஜிப், பீஜிப்2, எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்டு நான்கிலும் விரிக்காமலே சோதிக்கும் வசதி உண்டு.

பாதுகாப்பு

வெளியிலிருந்து வரும் காப்பகத்தை விரிக்குமுன் அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கோப்புகள் ஓர் அடைவுக்குள் இல்லாமல் சிதறிக் கிடந்தால், விரித்த இடமெல்லாம் பரவி ஏற்கெனவே உள்ளவற்றின்மேல் எழுதிவிடும். மேல் அடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளிகள் பெயரில் இருந்தால், எதிர்பாராத இடத்தில் கோப்பை வைக்கும் முயற்சியாக அது இருக்கலாம். டிஃப்ளேட் முறை ஒரே எழுத்தாலான தரவை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கவல்லது. எனவே 1 மெகாபைட்டுக் கோப்பு விரியும்போது 1 கிகாபைட்டாகி வட்டை நிரப்பக்கூடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய எச்சரிக்கை 2024இல் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலர், தொலைக்கணினியில் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட அரை நொடி அளவு தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிச் சென்ற அவர், எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியப் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதைக் கண்டறிந்து மார்ச் 29 அன்று அறிவித்தார். புனைபெயரில் சில ஆண்டுகள் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் அதைச் செய்திருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது அது மறைத்து வைக்கப்பட்ட விதம். தீய நிரல், சுருக்க நிரலைச் சோதிப்பதற்கான மாதிரிக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் எல்லோரும் பார்வையிடும் பொது மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டிற்காகத் தயாரித்த டார் கோப்பில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தில் உள்ளதே டார் கோப்பிலும் இருக்கும் என்ற நம்பிக்கை பல ஆண்டு வழக்கம். அந்த வழக்கமே வழியாகிவிட்டது. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் நிலையான பதிப்புகளை எட்டுமுன் பிடிபட்டதால் பெருங்கேடு தவிர்ந்தது. கையொப்பமும் சரிபார்ப்பு எண்ணும், கோப்பு வழியில் மாறவில்லை என்பதை மட்டுமே உறுதிசெய்யும். கட்டியவர் உள்ளே என்ன வைத்தார் என்பதை அவை சொல்லமாட்டா.

பயன்படுத்தும் முறை

டார் கட்டளையின் விருப்பங்கள் ஒற்றை எழுத்துகளால் ஆனவை. ஆங்கில எழுத்து 'சி' புதிதாகக் கட்டுவதற்கும், 'எக்ஸ்' விரிப்பதற்கும், 'டி' வரிசையில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் எழுத்து பட்டியலிடுவதற்கும் உரியவை. 'எஃப்' எழுத்துக்குப் பின் கோப்பின் பெயரைத் தர வேண்டும். சுருக்கும் முறைக்குச் சிறிய 'இசட்' ஜீஜிப்பையும், சிறிய 'ஜே' பீஜிப்2ஐயும், பெரிய 'ஜே' எக்ஸ்இசட்டையும் குறிக்கும். இன்றைய டார் நிரல்கள் விரிக்கும்போது வடிவத்தைத் தாமே கண்டுகொள்வதால் இவற்றை நினைவில் வைக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

எந்த வடிவத்தைத் தேர்வது என்பது தேவையைப் பொறுத்தது. பழைய கணினிகள் உட்பட எங்கும் திறக்க வேண்டுமென்றால் ஜீஜிப் பொருத்தமானது. இணையவழி பலர் இறக்கும் பெரிய கோப்புக்கு, அளவே முதன்மை என்றால், எக்ஸ்இசட் ஏற்றது. நாள்தோறும் எடுக்கும் காப்புநகலுக்கும், விரைவாக விரிக்க வேண்டியவற்றுக்கும் இசட்-ஸ்டாண்டர்டு நல்லது. ஜேபெக் படங்கள், நிகழ்படங்கள் போன்ற ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகளை மீண்டும் சுருக்குவதால் பயன் மிகக் குறைவு. அவற்றை டாரில் கட்டினால் மட்டும் போதும்.

இன்றைய நிலை

காந்த நாடா பொதுப் பயன்பாட்டிலிருந்து மறைந்தாலும் அதற்காகப் பிறந்த வடிவம் மறையவில்லை. மேகக் கணினிகளில் இயங்கும் கொள்கலன் மென்பொருள்களின் ஒவ்வோர் அடுக்கும் டார் கோப்பாகவே பயணிக்கிறது. டெபியன் பொதியின் வெளியுறைக்குள் இருப்பதும் டார் கோப்புகளே. வடிவத்தின் விவரம் எல்லோருக்கும் திறந்திருப்பதும், யாருடைய காப்புரிமைக்கும் கட்டுப்படாததும், தலைப்பு கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகளால் ஆனதும் இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணங்கள். 1979இல் கட்டிய டார் கோப்பை இன்றைய டார் நிரலாலும் விரிக்க முடியும்.